மாலத்தீவு போறீங்களா? வில்லாவை அப்புறம் பாருங்க, போட்டை முதல்ல பாருங்க

மாலத்தீவு போகலாம்னு வீட்ல பேச்சு வந்த உடனே எல்லாரும் செய்றது ஒண்ணுதான். தண்ணி மேல நிக்கிற வில்லா போட்டோவா பாத்து, அதுல எது ரேட்டு கம்மியோ அதை புக் பண்ணிட்டு, அப்புறமா ஃபிளைட் தேடறது. இந்த ஊருக்கு அந்த வரிசை சரிப்படாது. இங்க ஏர்போர்ட் வாசல்ல டாக்சி புடிச்சு ஓட்டல் வாசல்ல இறங்கற கதையே கிடையாது. மொத்தம் 1,192 தீவு, 26 அட்டோல் (வளையமா அமைஞ்ச பவளத் தீவுக் கூட்டம்), வடக்கு கோடியில இருந்து தெற்கு கோடி வரைக்கும் 800 கிலோமீட்டருக்கு மேல கடல்ல சிதறிக் கிடக்கு. பெரும்பாலும் ஒரு ரிசார்ட்னா அதுக்குன்னு தனியா ஒரு தீவு. அதனால ஏர்போர்ட்ல இருந்து அந்தத் தீவுக்கு எப்படிப் போகப் போறீங்க, எத்தனை மணிக்குப் போக முடியும், அதுக்கு எவ்வளவு ஆகும், இந்த மூணும்தான் உங்க பட்ஜெட்டையும் நாள் கணக்கையும் முடிவு பண்ணும். ரூம் வாடகை அப்புறம்தான்.

முதல்ல பேப்பர் வேலை, இது சீக்கிரம் முடிஞ்சுடும்

விசாவுக்கு முன்னாடியே அலைய வேண்டாம், கிட்டத்தட்ட எல்லா நாட்டு டூரிஸ்ட்டுக்கும் போய் இறங்கின உடனே 30 நாள் இலவசமா குடுத்துடறாங்க. அதுக்கு ரிட்டர்ன் டிக்கெட், தங்கற இடத்தோட கன்ஃபர்ம் ஆன புக்கிங், இந்த ரெண்டும் கையில இருக்கணும். "போய் பாத்துக்கலாம்"னு புக்கிங் இல்லாம போனா இமிக்ரேஷன் கவுன்டர்லயே நிறுத்தி கேள்வி கேப்பாங்க. புக்கிங் பேப்பரை போன்லயே வச்சுக்காம பிரின்ட்டும் ஒண்ணு எடுத்துக்கோங்க, இறங்கின உடனே நெட் கிடைக்கலைன்னா தடுமாற வேண்டாம்.

அடுத்து இமுகா. இது அவங்க இமிக்ரேஷனோட ஆன்லைன் டிராவலர் டிக்ளரேஷன், ஃபிளைட் நேரத்துக்கு முன்னாடி 96 மணி நேரத்துக்குள்ள ஃபில் பண்ணணும், போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது இன்னொரு தடவை. இதுக்கு காசே கிடையாது. ஆனா கூகுள்ல தேடினா அதே மாதிரி பேர் வச்சுக்கிட்டு இதை ஃபில் பண்ணித் தர்றேன்னு காசு வாங்கற சைட் எல்லாம் மேல வந்து நிக்கும், எந்த இடத்துலயாவது கார்டு நம்பர் கேட்டா உடனே மூடிடுங்க, அது கவர்மென்ட் சைட் இல்ல. ஃபில் பண்ணி முடிச்சதும் ஒரு கியூஆர் கோடு வரும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, செக்-இன் கவுன்டர்லயே கேப்பாங்க.

இப்ப முக்கியமான விஷயம்: ஏர்போர்ட்ல இருந்து தீவுக்கு

நீங்க இறங்கப் போறது வெலானா ஏர்போர்ட். அது ஹுல்ஹுலேன்னு தனி தீவு, வெளிய வந்தா எதிர்லயே கடல், வரிசையா போட் கட்டியிருக்கும். இங்க இருந்து போறதுக்கு மூணு வழி இருக்கு.

பக்கத்துத் தீவுன்னா ஸ்பீட்போட். 15 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் ஆகும், ராத்திரியிலயும் ஓடும், ஃபிளைட் லேட் ஆனாலும் பெரும்பாலான ரிசார்ட் போட் காத்திருந்து கூட்டிட்டுப் போகும். குழந்தைங்க, வயசானவங்களோட முதல் தடவை போறவங்களுக்கு நான் கண்ண மூடிட்டு சொல்றது இதைத்தான்: ஏர்போர்ட் இருக்கற அதே வடக்கு மாலே அட்டோல், இல்லைன்னா தெற்கு மாலே அட்டோலுக்குள்ள இருக்கற ரிசார்ட்டா பாருங்க. போட்ல ஏறினா பின்னாடி சீட்ல உக்காருங்க, முன்னாடி உக்காந்தா அலைக்கு அலை தூக்கிப் போடும், முதுகு வலி இருக்கறவங்களுக்கு அது நரகம். வாந்தி வர்றவங்க மாத்திரையை ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுக்கணும், போட் கிளம்பினதுக்கு அப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல.

தூரத் தீவுன்னா சீப்ளேன். ட்வின் ஆட்டர்னு ஒரு சின்ன விமானம், சக்கரத்துக்கு பதிலா ரெண்டு மிதவை, ஒரு பதினஞ்சு பேர் உக்காரலாம், பைலட் செருப்பு கூட போடாம வெறுங்காலோட ஓட்டிட்டு இருப்பார், உள்ள சத்தம் காதை அடைக்கும், ஆனா மேல இருந்து அந்த அட்டோல் எல்லாம் நீல வளையம் வளையமா தெரியறதைப் பாக்கவே காசு குடுக்கலாம். இறங்கறது கூட சில ரிசார்ட்ல நேரா கரையில இல்ல, நடுக்கடல்ல மிதக்கற ஒரு மேடையில இறக்கி விடுவாங்க, அங்க ஒரு போட் வந்து கூட்டிட்டுப் போகும். பிரச்சனை என்னன்னா இது பகல்ல மட்டும்தான் பறக்கும். உங்க ஃபிளைட் மதியம் 3 மணி, 3.30-க்கு மேல இறங்கினா அன்னிக்கு சீப்ளேன் கிடைக்காது, தலைநகர் மாலேலயோ, பக்கத்துல இருக்கற ஹுல்ஹுமாலேலயோ ஒரு ராத்திரி தங்கித்தான் ஆகணும். ரிசார்ட்ல அன்னிக்கும் சேத்து ரூம் போட்டிருந்தா அந்த காசு போச்சு. அதே மாதிரி திரும்பும்போது காலைல 9 மணிக்கு முன்னாடி ஃபிளைட்னா முதல் நாள் சாயங்காலமே தீவை விட்டு வந்துடணும். நாலு ராத்திரி காசு கட்டிட்டு ரெண்டரை நாள்தான் இருந்தோம்னு பொலம்பறவங்கள்ல பாதி பேர் கதை இதுதான்.

சீப்ளேன்ல போக வர ஒருத்தருக்கு 400 டாலர்ல இருந்து 600 டாலர் வரைக்கும், சில இடத்துல அதுக்கு மேலயும் ஆகும். ரெண்டு பேருக்கு கணக்கு போட்டுப் பாருங்க, அந்தக் காசுக்கு கிட்ட இருக்கற தீவுல இன்னும் ரெண்டு ராத்திரி தங்கிடலாம். ரூம் ரேட்டு கம்மியா இருக்கேன்னு ஆச்சரியப்படற ரிசார்ட் நிறைய இப்படி தூரத்துல இருக்கறதுதான். லக்கேஜும் பாத்துக்கோங்க, வழக்கமா 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை, அதுக்கு மேல கிலோவுக்கு காசு. சீட் நம்பர் எல்லாம் கிடையாது, கிளம்பற நேரம் கூட முதல் நாள் சாயங்காலம்தான் தெரியும், அதனால இறங்கின உடனே ஏறிடலாம்னு நினைக்காதீங்க, ரெண்டு மூணு மணி நேரம் லவுஞ்ச்ல உக்காந்திருக்கறது சகஜம்.

மூணாவது வழி உள்ளூர் விமானமும் அங்க இருந்து ஸ்பீட்போட்டும். பா அட்டோல் பக்கம் தரவந்தூ, தெற்கு அரி பக்கம் மாமிகிலி, கடைசி தெற்குல கன், இப்படி அங்கங்க சின்ன ஏர்போர்ட் இருக்கு, இது இருட்டினாலும் பறக்கும். லேட்டா இறங்கறவங்க ரிசார்ட்டுக்கு மெயில் போட்டு "டொமெஸ்டிக் ஃபிளைட் வழியா வர முடியுமா"ன்னு கேட்டுப் பாருங்க, சில ரிசார்ட்டுக்கு ரெண்டு வழியும் உண்டு.

ஆக ஃபிளைட் டிக்கெட்டும் ரிசார்ட்டும் ஒரே நேரத்துல ரெண்டு டேப்ல திறந்து வச்சு பாக்கணும். காலைல இறங்கற ஃபிளைட் ஆயிரம் ரெண்டாயிரம் கூட இருந்தாலும் இங்க லாபம்தான்.

ரிசார்ட்டா, உள்ளூர் தீவா

முதல் ரிசார்ட் குரும்பா, 1972-ல ஆரம்பிச்சாங்க. அப்ப இருந்து ரொம்ப வருஷம் வெளிநாட்டுக்காரங்களை ரிசார்ட் தீவுலயே வச்சுக்கிட்டாங்க, உள்ளூர் மக்கள் இருக்கற தீவுல கெஸ்ட்ஹவுஸ் எல்லாம் சுமார் 2010 வாக்குலதான் பெருகிச்சு. அதுனாலதான் இன்னும் நிறைய பேருக்கு மாலத்தீவுன்னா லட்சக்கணக்குல செலவுங்கற நினைப்பு இருக்கு. இப்ப மாஃபுஷி, குல்ஹி, துலுஸ்தூ, உக்குல்ஹாஸ், திகுரா, தொட்டூ இப்படி பல தீவுல ரிசார்ட் வாடகையில நாலுல ஒரு பங்குக்கும் கம்மியா நல்ல ஏசி ரூம் கிடைக்குது. கடல் அதே கடல்தான்.

ஆனா உள்ளூர் தீவுக்குன்னு சட்டதிட்டம் இருக்கு, அது தெரியாம போகக் கூடாது. இது முழுக்க இஸ்லாமிய நாடு. உள்ளூர் தீவுல மது கிடையாது, ஓட்டல்லயும் கிடையாது, ஒளிச்சு வச்சுக்கறதும் குற்றம். நீச்சல் உடையில குளிக்க "பிகினி பீச்"னு போர்டு வச்சு தனியா ஒரு பகுதி ஒதுக்கியிருப்பாங்க, அதுக்கு வெளிய தெருவுல நடக்கும்போது ஆணோ பொண்ணோ தோளும் முட்டியும் மூடற மாதிரி டிரஸ் போட்டுக்கணும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்துல கடை எல்லாம் மூடிடுவாங்க, அரசாங்க ஃபெர்ரியும் பெரும்பாலும் அன்னிக்கு ஓடாது. ரம்ஜான் மாசத்துல பகல்ல ஹோட்டல் எல்லாம் மூடியிருக்கும், கெஸ்ட்ஹவுஸ்ல மட்டும் சாப்பாடு குடுப்பாங்க. ரிசார்ட் தீவுல இந்த கட்டுப்பாடு எதுவும் கிடையாது, அங்க பார் உண்டு, உடை உங்க இஷ்டம்.

எந்த உள்ளூர் தீவுன்னு கேட்டா, மாஃபுஷி ரொம்ப வசதி, ஏர்போர்ட்ல இருந்து ஸ்பீட்போட்ல அரை மணி நேரம்தான், டூர் எல்லாம் அங்க போட்டி போட்டுக்கிட்டு மலிவா குடுக்கறாங்க, ஆனா கூட்டம், கட்டடம் கட்டடமா இருக்கும், அமைதி தேடிப் போறவங்களுக்கு ஏமாத்தமா இருக்கும். திகுரா நீளமான ஒல்லித் தீவு, கடைசியில வெள்ளை மணல் திட்டு கடலுக்குள்ள நீண்டு போகும், திமிங்கலச் சுறா பாக்கற போட் அங்க இருந்துதான் கிளம்பும். தொட்டூ விவசாயத் தீவு, தர்பூசணியும் பப்பாளியும் தோட்டம் தோட்டமா விளையும், சைக்கிள் எடுத்துக்கிட்டு சுத்தலாம். துலுஸ்தூ சர்ஃபிங் ஆளுங்களுக்கு. எனக்கு புடிச்ச கணக்கு என்னன்னா, மூணு ராத்திரி உள்ளூர் தீவு, கடைசி ரெண்டு ராத்திரி அதே அட்டோல்ல ஒரு ரிசார்ட். வரிசையை மாத்தாதீங்க, ரிசார்ட் சுகத்துல இருந்துட்டு கெஸ்ட்ஹவுஸுக்கு வந்தா வீட்ல மூஞ்சி தூக்கிடுவாங்க. ரெண்டும் ஒரே அட்டோல்ல இருக்கணும்ங்கறதை மட்டும் மறந்துடாதீங்க, இல்லைன்னா மறுபடி மாலே வந்து மறுபடி போகணும், ஒரு நாள் முழுக்க போயிடும்.

ரிசார்ட்ல ராத்திரி தங்க காசு இல்ல ஆனா உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்னா டே பாஸ் எடுக்கலாம், காலைல போட்ல கூட்டிட்டுப் போய் சாப்பாடு, நீச்சல் குளம் எல்லாம் குடுத்து சாயங்காலம் திருப்பி விட்டுடுவாங்க. கெஸ்ட்ஹவுஸ்லயே ஏற்பாடு பண்ணித் தருவாங்க.

தீவை மேல இருந்து பாருங்க

இதைத்தான் யாரும் சொல்றதில்ல. ரிசார்ட் பேரை மேப்ல போட்டு சாட்டிலைட் வியூவுக்கு மாத்தி நல்லா ஜூம் பண்ணுங்க. தீவைச் சுத்தி வெளிர் நீலமா, பால் கலந்த மாதிரி தெரியறது லகூன், ஆழம் கம்மி, மணல் தரை. அதுக்கு வெளிய ஒரு பழுப்புக் கோடு, அதை ஒட்டி திடீர்னு கரு நீலம், அதுதான் பவளப்பாறை விளிம்பு. அந்தக் கோடு கரையில இருந்து கொஞ்ச தூரத்துலயே இருந்தா அங்க நல்ல ஹவுஸ் ரீஃப், அதாவது கரையில இருந்தே நீந்திப் போய் பாக்கற பவளப்பாறை, இருக்க வாய்ப்பு அதிகம், காலைல எந்திரிச்சு மாஸ்க் மாட்டிக்கிட்டு நீங்களே இறங்கினா ஆமை, கலர் மீன், குட்டி சுறா எல்லாம் பாக்கலாம், டூருக்கு தனியா காசு வேண்டாம். கோடு ரொம்ப தூரத்துல இருந்து நடுவுல வெளிர் நீலம் மட்டும் பரந்து கிடந்தா மீன் கம்மி, ஆனா நீச்சல் தெரியாதவங்களுக்கும் சின்னக் குழந்தைங்களுக்கும் அதுதான் சொர்க்கம், இடுப்பளவு தண்ணியில நாள் முழுக்க கெடக்கலாம். போட்டோ எடுக்க பிரமாதமா இருக்கற ரிசார்ட் பலதுல ரீஃப் சுமாராத்தான் இருக்கும், ரெண்டுல எது வேணும்னு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.

பவளம் பத்தி ஒரு வார்த்தை. 1998-லயும் 2016-லயும் கடல் சூடாகி இங்க பவளம் பெரிய அளவுல வெளுத்துப் போச்சு, சில இடத்துல திரும்ப வளந்திருக்கு, சில இடம் இன்னும் சாம்பல் கலர்தான். அதனால பழைய ரிவியூவை நம்பாம கடைசி ஆறு மாசத்து ரிவியூல ஸ்நார்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கிட்டு மிதந்து பாக்கறது) பத்தி எழுதினதை மட்டும் தேடிப் படிங்க.

அதே சாட்டிலைட் படத்துல இன்னொண்ணும் தெரியும், பக்கத்துல கட்டடம் கட்டற தீவு இருக்கா, வாட்டர் வில்லா வரிசை எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு. வாட்டர் வில்லா பத்தி என் கருத்து, ஒரு ரெண்டு ராத்திரி போதும், ரூம் கதவைத் திறந்தா மணல்ல கால் வைக்கற பீச் வில்லாதான் தினப்படி சுகம். அஞ்சாறு வயசுக்குள்ள குழந்தை இருந்தா வாட்டர் வில்லாவே வேண்டாம், பல டெக்ல தடுப்புக் கம்பி கிடையாது, நிறைய ரிசார்ட்ல இந்த வயசுக்கு மேலதான்னு ரூல் கூட வச்சிருக்காங்க.

பில்லை இப்பவே கூட்டிப் பாத்துடுங்க

ரிசார்ட் ரேட்ல ப்ளஸ் ப்ளஸ்னு ரெண்டு கூட்டல் குறி போட்டிருந்தா சர்வீஸ் சார்ஜும் டேக்ஸும் இன்னும் சேக்கலைன்னு அர்த்தம். உதாரணத்துக்கு ரெண்டு பேருக்கு ராத்திரிக்கு 300 டாலர் ப்ளஸ் ப்ளஸ்னு வச்சுக்கோங்க. அதுக்கு மேல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 330. அந்த 330-க்கு மேல டூரிசம் ஜிஎஸ்டி, இது 2025 ஜூலையில இருந்து 17 சதவீதம், ஆக 386 டாலர். அப்புறம் கிரீன் டேக்ஸ், ரிசார்ட்ல ஒருத்தருக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர், ரெண்டு பேருக்கு 24. கடைசியில 410 டாலர் வந்து நிக்கும். 300-னு நினைச்சு போனவங்களுக்கு நெஞ்சு வலிதான். 50 ரூமுக்கு உட்பட்ட சின்ன கெஸ்ட்ஹவுஸ்ல கிரீன் டேக்ஸ் 6 டாலர். உள்ள நீங்க வாங்கற ஒவ்வொரு ஜூஸுக்கும் மசாஜுக்கும் அதே சர்வீஸ் சார்ஜும் டேக்ஸும் உண்டு. நாட்டை விட்டு கிளம்பும்போது எகானமி கிளாஸுக்கு 50 டாலர் டிபார்ச்சர் டேக்ஸ் இருக்கு, அது பெரும்பாலும் ஃபிளைட் டிக்கெட் விலையிலயே சேந்திருக்கும், தனியா கட்ட வேண்டியதில்ல.

சாப்பாட்டு பிளான்ல ஏமாந்துடாதீங்க. ரிசார்ட்ல வெளிய போய் சாப்பிட வேற கடையே கிடையாது, அதனால பிரேக்ஃபாஸ்ட் மட்டும்னு போட்டுட்டு போனா ஒவ்வொரு வேளையும் அவங்க சொன்ன ரேட்டுதான். ஹாஃப் போர்டுன்னா காலையும் ராத்திரியும், ஃபுல் போர்டுன்னா மூணு வேளையும், ஆனா ரெண்டுலயும் குடிக்கறது பல இடத்துல தனி பில். சில இடத்துல ராத்திரி சாப்பாட்டோட வைக்கற தண்ணி பாட்டிலுக்கு கூட காசு போடுவாங்க, தண்ணி சேத்தியான்னு மெயில்லயே கேட்டுடுங்க. மது குடிக்கறவங்களுக்கு ஆல் இன்க்ளூசிவ் கணக்கு சரியா வரும், குடிக்காதவங்களுக்கு ஃபுல் போர்டு போதும். கிறிஸ்துமஸ், நியூ இயர் சமயத்துல போனா காலா டின்னர்னு ஒண்ணை கட்டாயமா பில்லுல சேப்பாங்க, தலைக்கு நூறு டாலருக்கு மேலயே போகும், வேண்டாம்னு சொல்ல முடியாது.

ஹனிமூன் போறவங்க கல்யாண சர்டிஃபிகேட் காப்பி எடுத்துக்கோங்க, கல்யாணமாகி ஆறு மாசம் ஒரு வருஷத்துக்குள்ளன்னா கேக், ஒரு டின்னர், சில சமயம் ரூம் அப்கிரேடு வரைக்கும் குடுப்பாங்க. ஆனா முன்னாடியே சொல்லணும், போய் இறங்கி ரிசப்ஷன்ல நின்னு கேட்டா சிரிச்சுக்கிட்டே இல்லைன்னுடுவாங்க.

பணம்னு பாத்தா உள்ளூர் காசு ருஃபியா, ஒரு டாலருக்கு 15.42-ங்கறது அதிகாரபூர்வ ரேட்டு. ரிசார்ட்ல கார்டு போதும், ருஃபியாவே தேவைப்படாது. உள்ளூர் தீவுல டாலரும் வாங்குவாங்க, ஆனா 1, 5, 10-னு சில்லறை நோட்டா வச்சுக்கோங்க, கிழிஞ்சது, கிறுக்கினது, ரொம்ப பழசு எதையும் தொட மாட்டாங்க. ஏடிஎம்ல ருஃபியாதான் வரும், சின்னத் தீவுல ஏடிஎம் கெட்டுப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு, மாலேலயே கொஞ்சம் எடுத்துடறது நல்லது.

எந்த மாசம்

டிசம்பர் கடைசியில இருந்து ஏப்ரல் வரைக்கும் வறண்ட காலம், பிப்ரவரி மார்ச்ல வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கும், விலையும் அதே உயரத்துல இருக்கும். மே முதல் அக்டோபர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து, மழை வரும், கடல் கொந்தளிக்கும், ஆனா நாள் முழுக்க கொட்டறது எப்பவாவதுதான், பெரும்பாலும் ஒரு மணி நேரம் அடிச்சு ஊத்திட்டு வெயில் வந்துடும், விலையும் நல்லா இறங்கும். கைக்குழந்தை, கடல் பயணம் ஒத்துக்காதவங்க இருந்தா இந்த மாசங்களைத் தவிருங்க, மத்தவங்க தாராளமா போகலாம். அதுலயும் பா அட்டோல்ல இருக்கற ஹனிஃபாரு பேங்கற குடாவுக்கு மன்டா ரேங்கற பெரிய திருக்கை மீன் கூட்டமா வர்றது இந்த சீசன்லதான், காத்தும் நீரோட்டமும் சேந்து பிளாங்க்டன்ங்கற நுண்ணுயிரை அந்த குடாவுக்குள்ள தள்ளிக்கிட்டு வரும், அதை சாப்பிட அம்பது நூறுன்னு வாயைத் திறந்துக்கிட்டு வட்டமடிக்கும். அங்க ஸ்கூபா (சிலிண்டர் மாட்டிக்கிட்டு ஆழத்துல இறங்கறது) கிடையாது, ஸ்நார்கல் மட்டும்தான், நுழைவுக் கட்டணம் உண்டு, 45 நிமிஷம்தான் விடுவாங்க. திமிங்கலச் சுறா தெற்கு அரியில வருஷம் முழுக்க இருக்கு. பாத்தே ஆகணும்னு யாரும் கியாரன்டி குடுக்க முடியாது, குடுத்தா நம்பாதீங்க.

ராத்திரி கரையில அலை நீலமா மின்னற போட்டோ பாத்திருப்பீங்க. அது நிஜம்தான், ஆனா ஏதோ ஒரு தீவுல தினமும் நடக்கற ஷோ கிடையாது. கடல்ல இருக்கற நுண்ணுயிர் மின்னறது, எந்தத் தீவுலயும் வரலாம், வராமலும் போகலாம். அமாவாசையை ஒட்டின நாள்ல விளக்கில்லாத கரைப் பக்கம் போய் பாருங்க, கெடைச்சா அதிர்ஷ்டம், அதுக்குன்னு தீவை செலக்ட் பண்ணாதீங்க.

பெட்டி கட்டும்போது

கஸ்டம்ஸ்ல தடை பண்ணின சாமான் லிஸ்ட்ல மது, பன்றி இறைச்சி, ஆபாசப் படம் இதோட வழிபாட்டு விக்ரகமும் இருக்கு. நம்ம ஆளுங்க பெட்டிக்குள்ள குட்டிப் பிள்ளையார் வச்சு எடுத்துட்டுப் போற பழக்கம் உண்டு, இந்த ஒரு ட்ரிப்புக்கு வீட்லயே விட்டுடுங்க. வழியில டியூட்டி ஃப்ரீல பாட்டில் வாங்கியிருந்தா கஸ்டம்ஸ்ல எடுத்து வச்சுக்கிட்டு ரசீது குடுப்பாங்க, திரும்பிப் போகும்போது வாங்கிக்கலாம். வேப் (இ-சிகரெட்) எடுத்துட்டே போகாதீங்க, 2024 நவம்பர்ல இருந்து கொண்டு வரவே தடை. டாக்டர் எழுதின மாத்திரை சாப்பிடறவங்க, முக்கியமா தூக்கம், வலி மாத்திரைன்னா, சீட்டோட எடுத்துக்கோங்க. ட்ரோன் பறக்க விட அனுமதி வேணும், ரிசார்ட்டையும் கேட்கணும்.

பிளக் பாயின்ட் பெரும்பாலும் மூணு சதுரக் குச்சி இருக்கற பிரிட்டிஷ் மாடல், ஒரு அடாப்டர் வேணும். சொந்த மாஸ்க் ஒண்ணு வாங்கிக்கோங்க, வாடகை மாஸ்க் முகத்துக்குப் பொருந்தாம தண்ணி ஏறினா கடல்ல ஒண்ணும் பாக்க முடியாது. அதை விட முக்கியம் ரேஷ் கார்டுங்கற முழுக்கை நீச்சல் சட்டை, ஸ்நார்கல் பண்ணும்போது முதுகு முழுக்க வெயிலுக்கு காட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் மிதப்பீங்க, தண்ணி குளிர்ச்சியில சூடு தெரியாது, ராத்திரி படுக்க முடியாம தெரியும். சன்ஸ்கிரீன் அங்க ரெண்டு மூணு மடங்கு விலை, இங்க இருந்தே கொண்டு போங்க.

சிம் வேணும்னா ஏர்போர்ட் வெளிய வந்ததுமே திராகு, ஊரிடூ ரெண்டு கம்பெனி கவுன்டரும் இருக்கு. ரிசார்ட்ல மட்டும் இருக்கப் போறீங்கன்னா வைஃபையே போதும்.

சைவம் சாப்பிடறவங்களுக்கு: உள்ளூர் சாப்பாட்டுல மாசி (காய வச்ச சூரை), சூரை மீன் இல்லாத ஐட்டம் தேடணும். காலைல மஸ் ஹுனின்னு ஒண்ணு வைப்பாங்க, தேங்காத் துருவல், வெங்காயம், பச்சை மிளகா, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டு பிசைஞ்சது, பாத்தா நம்ம தேங்கா பொடிமாஸ் மாதிரியே இருக்கும், ஆனா அதுல பாதி சூரை மீன்தான். மீன் சாப்பிடறவங்க ரொஷிங்கற அவங்க ஊர் சப்பாத்தியோட அதை ஒரு தடவையாவது சாப்பிட்டுப் பாருங்க, ரிசார்ட் பஃபேல இருக்கற ஐரோப்பிய ஐட்டம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். சைவக்காரங்க புக் பண்ணும்போதே மீனும் கூடாது, மீன் பொடியும் கூடாதுன்னு தெளிவா எழுதிடணும், வெறும் வெஜ்னு சொன்னா மாசித் தூள் தூவின பொரியல் வந்து நிக்கும்.

போய் சேந்ததும், திரும்பும்போதும்

மாலே நேரம் நம்ம நேரத்தை விட அரை மணி பின்னாடி. இதுல கூத்து என்னன்னா சில ரிசார்ட் வெளிச்சம் கூட கிடைக்கட்டும்னு தன் தீவுல மட்டும் கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளி வச்சிருக்கும். திரும்பற போட், சீப்ளேன் நேரம் சொல்லும்போது அது தீவு நேரமா மாலே நேரமான்னு கேட்டு எழுதிக்கோங்க.

முதல் நாள் தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி டைவ் சென்டர்ல போய், இன்னிக்கு நீரோட்டம் எந்தப் பக்கம், எந்த வழியா ரீஃபுக்குள்ள போய் எந்த வழியா வெளிய வரணும்னு கேளுங்க, ஓசிதான். லகூன் அமைதியா இருந்தாலும் விளிம்புக்கு வெளிய, முக்கியமா ரெண்டு திட்டுக்கு நடுவுல இருக்கற வாய்க்கால்ல, நீரோட்டம் நல்ல நீச்சல்காரனையே இழுத்துட்டுப் போயிடும். தனியா போகாதீங்க, நீச்சல் சுமார்னா லைஃப் ஜாக்கெட் போட வெக்கப்படாதீங்க. பவளத்து மேல நிக்காதீங்க, பவளம் உடையும், உங்க காலும் கிழியும், அந்த காயம் ஆற நாளாகும். சுறாவுக்கு இரை போட்டு கூட்டம் கூட்டிக் காட்டற டூரை நான் யாருக்கும் சொல்றதில்ல, கேட்டா விலை கம்மின்னு இழுப்பாங்க, வேண்டாம்.

ஸ்கூபா பண்றவங்க கடைசி டைவுக்கும் ஃபிளைட்டுக்கும் நடுவுல குறைஞ்சது 18 மணி நேரம் விடணும், சீப்ளேனும் ஃபிளைட்தான், அதையும் கணக்குல சேருங்க. அதனால டைவ் எல்லாம் ட்ரிப்போட முன் பாதியிலயே முடிச்சுட்டு கடைசி நாளை கரையிலயே வச்சுக்கோங்க. அன்னிக்கே இமுகாவை ரெண்டாவது தடவை ஃபில் பண்ணிடுங்க, ரூம் பில்லை முதல் நாள் ராத்திரியே வாங்கி வரி வரியா பாருங்க, காலைல போட் கிளம்பற அவசரத்துல யாராலயும் சரி பாக்க முடியாது. பெட்டியில பவளத் துண்டு, ஆமை ஓடு எதுவும் இருக்கக் கூடாது, கரையில கிடந்ததுதானேன்னு குழந்தைங்க பொறுக்கிப் பையில போட்டிருப்பாங்க, அந்தப் பையையும் ஒரு தடவை கொட்டிப் பாத்துட்டு பூட்டுங்க, ஸ்கேன்ல தெரிஞ்சா ஏர்போர்ட்லயே பெட்டியைத் திறக்கச் சொல்லுவாங்க, அபராதமும் உண்டு.